லேப்டாப்புக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தாளை உரிக்காதீர்கள்: அது எதற்கு, எப்படிக் கழற்றி மாட்டுவது

பழைய லேப்டாப்பைத் திறந்து தூசி தட்டி, ரேமைக் கொஞ்சம் கூட்டி, ஊரில் படிக்கிற தம்பிக்கோ அக்கா பிள்ளைக்கோ அனுப்பி வைப்பது சிங்கப்பூரில் நம்மில் பலரும் செய்கிற வேலைதான். அடி மூடியைக் கழற்றியதும், சிப்புகள் பொருத்திய முக்கியப் பலகையான மதர்போர்டு மேலும் மூடியின் உட்புறத்திலும் மெல்லிய கறுப்பு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள். புதுப் போன் திரையில் ஒட்டி வருகிற உறை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்து, பலர் அதை உரித்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், அதுவும் லேப்டாப்பின் ஒரு பாகம்.

அந்தத் தாள் பெரும்பாலும் மைலார் என்று சொல்லப்படும் பாலியெஸ்டர். மின்சாரத்தைக் கடத்தாது, சுமார் 250 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால் லேப்டாப் சூடு அதை ஒன்றும் செய்யாது. மதர்போர்டை வெளியே எடுத்துப் பார்த்தால் சால்டர் செய்த முனைகள் குத்துகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மூடியோ பல மாடல்களில் அலுமினியம், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு, எம்ஆர்டியில் மடியில் வைத்து அழுத்தித் தட்டும்போது மூடி லேசாக வளைந்து ஒரு முனையைத் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும். மூடி பிளாஸ்டிக்தானே என்று அசட்டையாக இருக்க முடியாது; மின்காந்த இரைச்சலைத் தடுக்கப் பல மாடல்களில் அதன் உட்புறத்தில் உலோகப் பூச்சு கொடுத்திருப்பார்கள். சுவரில் வருகிற 230 வோல்ட்டை அடாப்டர் 20 வோல்ட் அளவுக்குக் குறைத்துத்தான் அனுப்புகிறது, நமக்கு ஷாக் அடிக்காது, ஆனால் ஒரு சின்னச் சிப்பைக் கருக்க அது தாராளம்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1. லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள், தூங்க மட்டும் வைத்தால் போதாது. குளிர்சாதன அறையில் காற்று உலர்ந்திருப்பதால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும், ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 2. ஸ்க்ரூக்களைக் கழற்றி, எந்த இடத்தில் எது இருந்ததோ அதே வரிசையில் வையுங்கள். மூடியைத் திறந்ததும் எதையும் தொடாமல் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், தாளின் ஓரங்கள் தெரிகிற மாதிரி. திருப்பி ஒட்டும்போது இந்தப் படம்தான் வழிகாட்டி. பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பைக் குழாயில் போடவே கூடாது.

படி 3. பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். சில மாடல்களில் அதன் மேலேயே ஒரு துண்டுத் தாள் இருக்கும், அந்த ஓரத்தை மட்டும் தூக்கினால் போதும்.

படி 4. எது எது என்று பாருங்கள். அவசரப்படாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கறுப்பாக இருப்பது பெரும்பாலும் மைலார். தேன் நிறத்தில் மெல்லிசாக இருப்பது கேப்டான் டேப், சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். ஒரு பக்கம் வெள்ளி மாதிரி மினுக்கினால் அது உலோகத் தகடு சேர்ந்த தாள், மின்காந்த இரைச்சலைத் தடுக்கவோ சூட்டைப் பரப்பவோ வைத்தது, பக்கம் மாற்றி ஒட்டினால் அதுவே ஷார்ட்டுக்குக் காரணமாகும்.

ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகமான ஹீட்சிங்குக்கும் நடுவில் இருக்கும் குட்டித் துண்டையும் மூடியில் காற்றுத் துளைகளை மறைத்தபடி இருக்கும் தாளையும் தனியாகச் சொல்ல வேண்டும். "துளையை அடைத்திருக்கிறதே, எடுத்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே" என்று தோன்றும். உண்மை அப்படியில்லை. எல்லாத் துளையையும் திறந்து விட்டால் காற்று குறுக்கு வழியில் ஃபேனுக்குள் போய்விடும், சூடாகிற சிப்புகளின் மேல் ஓடாது. அந்தத் தாள்தான் காற்றைச் சுற்றி வர வைக்கிறது. ஹீட்சிங்க் பக்கத்துத் துண்டை எடுத்துவிட்டாலோ, வெளியே போக வேண்டிய சூடான காற்று உள்ளேயே கசிந்து திரும்பவும் உறிஞ்சப்படும்.

உரிக்க வேண்டியது ஒன்றும் உண்டு. சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் மெத்தென்ற பட்டையான தெர்மல் பேடு புதிதாக வாங்கினால் அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி தாள் இருக்கும், அதைக் கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சூடு சரியாகக் கடக்காது.

படி 5. தாளைத் தூக்குவது. நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் அட்டையாலோ ஒரு மூலையை நெம்பி, தட்டையாகவே மெதுவாக இழுங்கள், மேலே சட்டென்று தூக்கினால் மடிப்பு விழும். பசை விடாவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் காட்டலாம், பேட்டரி பக்கம் மட்டும் வேண்டாம். கழற்றிய தாளைப் பசைப் பக்கம் மேலே இருக்கும்படி சுத்தமான இடத்தில் வையுங்கள், தூசி ஒட்டினால் பசை போச்சு.

படி 6. தூசி தட்டி, ரேமை மாற்றிவிட்டுத் தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டுங்கள். ஸ்க்ரூத் துளைகளும் தாளின் துளைகளும் நேராக நின்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பசை வலுவிழந்திருந்தால், சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பழைய மெஷின்களில் இது சகஜம், ஓரத்தில் கேப்டான் டேப் ஒட்டுங்கள். சிம் லிம் டவர் பக்கம் எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். செலோடேப் வேண்டாம், சூட்டில் பிசுபிசுத்துவிடும். தாள் கிழிந்துபோனால் அதே அளவில் மைலார் வெட்டி ஒட்டலாம், அலுமினியத் தாளை மட்டும் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

படி 7. பேட்டரியை மாட்டி, மூடியை வைத்து, ஸ்க்ரூவை இறுக்கும் முன் ஓரமெல்லாம் விரலால் தடவிப் பாருங்கள், எங்காவது மேடு தட்டினால் தாள் மடிந்திருக்கிறது. ஆன் செய்ததும் ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் தாளின் ஓரம் இறக்கையில் உரசுகிறது. உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த ஓரத்தைத் திரும்ப ஒட்டுங்கள்.