மைக்கை இழுக்கும் கை: பெண்களின் அரசியல் இடத்தைப் பற்றிக் கையால் வரைந்து ஒரு குறும்படம்

முதலில் தாள் கணக்கு. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால் நொடிக்கு 12 போதும், கண் ஏமாந்துவிடும். அப்படியும் நிமிடத்துக்கு 720 படம். தனி ஆளாக உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மொத்த வரலாற்றையும் சொல்லக் கிளம்பினால் 7,200 தாள், பாதியில் கைவிடுவீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். ஒரே அறை, ஒரே பெண்.

நான் முதல்முறை செய்த தப்பு, வசனத்தையும் புள்ளிவிவரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு அதற்குப் படம் தேடியது. கடைசியில் கிடைத்தது அசைகிற துண்டுப் பிரசுரம். எண் கட்டாயம் வேண்டுமென்றால் வரைய முடிகிற எண்ணாகப் பாருங்கள். 1907இல் பின்லாந்து நாடாளுமன்றத்தின் 200 இடங்களில் 19 பெண்கள் வென்றார்கள், உலகின் முதல் பெண் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர்கள்தான். 200 நாற்காலியைப் பென்சிலில் வரைந்து 19க்கு மட்டும் வண்ணம் கொடுத்தால் சதவீதம் என்ற சொல்லே தேவைப்படாது. அடுத்து 2008, ருவாண்டா: 80 இடத்தில் 45 பெண்கள். நடுவே இருக்கிற 101 வருடத்துக்கு ஒரு வெற்றுத் தாளை இரண்டு நொடி காட்டினால் போதும்.

இவ்வளவும் 15 நொடியில் முடிந்துவிடும். நாற்காலி கிடைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் படம்.

அந்தப் பெண் உட்காருகிறார். வேறு யாருடைய உடம்புக்கோ செய்த நாற்காலி, கால் தரையில் படவில்லை, மைக் நெற்றிக்கு நேரே நிற்கிறது. இழுத்து வாய்க்கு நேரே வைக்கிறார், அது மெல்ல மேலே போய்விடுகிறது. இதற்கு முக்கிய நிலைகள் நான்கு: கை மேசையில், கை மைக்கின் கழுத்தில், மைக் வாயருகே, மைக் மறுபடி நெற்றியருகே. பிடிப்பதற்கு முன் கை கொஞ்சம் பின்வாங்க வேண்டும், இல்லையென்றால் பிடியில் பலமே தெரியாது. இழுப்புக்கு இடையில் இரண்டு படம் போதும், வேகம் வரும். மேலே போவதற்குப் பத்து வரையுங்கள், கடைசிப் படங்களின் இடைவெளி குறுகிக்கொண்டே போகட்டும், அந்த நிதானம்தான் எரிச்சலூட்டும். அப்புறம் ஒரு நொடி அவர் மைக்கையே பார்க்கிறார். இங்கே ஒரே படத்தை நிறுத்தினால் வீடியோ உறைந்த மாதிரி இருக்கும். அதே படத்தின் மேல் தாள் வைத்து மூன்று முறை தனித்தனியாகக் கையால் வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டுங்கள், கோடு லேசாக நடுங்கி உயிரோடு இருக்கும்.

சுற்றி இருக்கிற ஆண்களை மட்டும் பின்னணித் தாளில் ஒரே ஒருமுறை வரைந்துவிடுங்கள். ஒருவரும் அசைய வேண்டாம். சோம்பேறித்தனம்தான், ஆனால் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான யோசனை எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணின் முகம் எந்தத் தலைவியின் சாயலிலும் இருக்க வேண்டாம், பார்க்கிறவர்கள் உடனே கட்சி பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

வரைய ஆரம்பிக்கும் முன், காட்சிக்கு ஒரு படம் வீதம் கிறுக்கி, ஒலியோடு சேர்த்து நேரம் பார்த்துவிடுங்கள். அனிமேட்டிக் என்பது இதுதான். இதைச் செய்யாமல் விட்டவர்கள் எல்லோரும் பிறகு வரைந்ததைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள், நானும்தான்.

கருவிகளுக்குச் செலவு அதிகமில்லை. அடித்தாளில் இருக்கும் படம் மேல்தாளில் தெரிய வைக்கும் லைட் பாக்ஸ் இல்லையென்றால் கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு. தாள் நகராமலிருக்க பெக் பார், அதாவது தாளின் துளைகளை மாட்டி வைக்கும் முளைகள் உள்ள பட்டை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண் போடுங்கள், எண் போடாத அறுபது தாளை மின்விசிறி கலைத்துப் போட்ட ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. போனில் படமெடுப்பதாக இருந்தால் திரைச்சீலையை மூடி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் மினுக் மினுக்கென்று வரும். படங்களை வரிசைப்படுத்த ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

சரி, மூன்றாவது முறை இழுத்ததும் மைக் நிற்கிறது. என்ன பேசுவார்? நான் எழுதமாட்டேன். அவர் வாய் திறக்க, மைக் கீச்சிட, அங்கேயே வெட்டிவிடுங்கள். வாயசைவுக்கு வரைய வேண்டிய நூறு படமும் மிச்சம்.