ஸ்லைடர் வாங்கும் முன் போல்ட்டைப் பாருங்கள்

"அண்ணா, ஸ்லைடர் போட்டுரலாமா?" புது பைக்கோடு என் பட்டறைக்கு வருகிற பையன்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: எங்கே ஓட்டப் போறே? கோவை காந்திபுரம் டிராபிக்கிலா, வால்பாறை மலையிலா, செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கிலா? மூன்றுக்கும் பதில் வேறு வேறு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரேம் ஸ்லைடர் காப்பாற்றுவது வண்டியை, உங்கள் காலை அல்ல. இன்ஜினைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் சட்டத்தோடு, பிடிக்கும் ஃபவுண்டேஷன் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்லைடரின் போல்ட்டை ஏற்றுவோம்; அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் குமிழ் நீட்டிக்கொண்டு நிற்கும். வண்டி சாயும்போது டேங்க், இன்ஜினின் இரு பக்க மூடிகளான கிளட்ச் கவர், மேக்னட் கவர், வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங் எல்லாம் தரையில் படாமல் அது தாங்கும். ஹேண்டில் முனையும் கண்ணாடியும் லீவரும் அப்போதும் அடிபடும். வண்டி காலின் மேல் விழுந்துவிடுமோ என்பதுதான் உங்கள் பயம் என்றால், வளைவுக் குழாய் வைத்த கிராஷ் கார்டு போடுங்கள். கால் நசுங்காமல் இருக்க அது கொஞ்சமாவது இடம் விடும்.

ஊருக்குள் வண்டி விழுவது பெரும்பாலும் நின்ற நிலையில்தான். சைடு ஸ்டாண்ட் மண்ணில் இறங்கும், மணலில் யூ-டர்ன் போடும்போது கால் வழுக்கும். டியூக் மாதிரி ஃபேரிங் இல்லாத வண்டிக்கு இந்த மாதிரி விழுகைகளில் ஸ்லைடர் நன்றாகவே உதவும். ஒரு கிளட்ச் கவர் உடைந்தால் ஆயிலும் போய்விடும், வண்டி அங்கேயே நின்றுவிடும். ரேஸ் டிராக்கிலும் போடலாம். தார் மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும், வண்டி வழுக்கிக்கொண்டு போய் நிற்கும்.

மலைப்பாதையில்தான் யோசிக்க வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரை அடி இறக்கம், அதை ஒட்டித் தடுப்புக் கல். வேகமாகச் சறுக்கிப் போகிற வண்டியின் குமிழ் அந்த விளிம்பில் மாட்டினால் வண்டி அப்படியே புரளும். அந்த மோதலின் முழு விசையும் ஒரே போல்ட் வழியாகச் சேசிஸுக்குப் போகும். அதனால் மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் நீளமான குமிழைத் தவிர்ப்பது நல்லது. ஹிமாலயன் மாதிரி 200 கிலோவை ஒட்டிய வண்டிக்கு, இரண்டு மூன்று இடத்தில் பிடிக்கிற கார்டுதான் என் சிபாரிசு.

சரி, போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். கடையில் குமிழின் கலரையும் டிசைனையும் பார்க்கிறார்கள். அதை விடுங்கள், போல்ட் எதில் போய் ஏறுகிறது என்று பாருங்கள். சேசிஸின் இரும்பில் ஏறினால் சரி. இன்ஜின் கேசின் அலுமினியத்தில் நேராக ஏறுகிறது என்றால் நான் மாட்டவே மாட்டேன். ஒரே மோதலில் மரை (போல்ட் திருகி ஏறும் சுற்று) பிய்ந்துவிடும், கேசே விரிசல் விடலாம். அந்தச் செலவுக்கு முன்னால் டேங்க் நெளிவு ஒன்றுமே இல்லை. ஆர்15 மாதிரி முழு ஃபேரிங் வண்டிகளுக்கு, ஃபேரிங்கை வெட்டாமல் மாட்ட ஒரு வளைந்த பட்டை வைத்த கிட் விற்கிறார்கள். பட்டை மெலிதாக இருந்தால் விழும்போது உள்பக்கம் மடங்கி, எதைக் காப்பாற்ற வேண்டுமோ அதையே குத்தும். கையில் எடுத்துப் பார்த்தாலே கனம் தெரியும்.

நல்ல போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் அச்சடித்திருக்கும். ஒன்றுமே இல்லாத போல்ட்டை இன்ஜின் தாங்கும் இடத்தில் போடாதீர்கள். இன்னொன்று, ஹார்டுவேர் கடையில் எம்10 போல்ட் (10 மி.மீ. தடிமன்) என்று கேட்டால் பெரும்பாலும் 1.5 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி உள்ளதைக் கொடுப்பார்கள். ஜப்பான் வகை வண்டிகளில் எம்10-க்கு 1.25 பிட்ச்தான் வழக்கம். முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும், ஸ்பானர் போட்டு அழுத்தினால் மரை போச்சு. அதனால் பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் மரைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். நீளமும் முக்கியம். பழைய போல்ட் எவ்வளவு உள்ளே போனதோ அதே அளவு புதிதும் போக வேண்டும். எம்10 என்றால் இரும்பில் குறைந்தது 10 மி.மீ. மரை பிடித்திருக்க வேண்டும்.

குமிழ் டெல்ரின் (ஒரு கெட்டி பிளாஸ்டிக்) அல்லது நைலானாக இருக்கட்டும். முழு அலுமினியம் தாரைக் கவ்வும், வழுக்காது. போல்ட் தலை குமிழுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் தேய்ந்து இரும்புத் தலை வெளியே வந்தால் அதுவும் தாரைக் கவ்வும்தான்.

குமிழின் நீளம் போதுமா என்று பார்க்க ஒரு நேரான ரீப்பர் கட்டை (ஒல்லியான மரச்சட்டம்) போதும். மேலே ஹேண்டில் முனையிலும் நடுவில் குமிழின் முனையிலும் படும்படி சாய்த்துப் பிடித்து, அப்படியே கீழே இன்ஜின் கவர் வரை நீட்டுங்கள். டேங்கும் கவரும் கட்டையைத் தொடக்கூடாது, ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் நீளம் தேவையில்லை. குமிழ் நீளமாக ஆக, அது நெம்புகோலாகி போல்ட்டை வளைக்கும். ஃபுட்ரெஸ்ட் தடுக்கும் என்று நினைக்காதீர்கள், விழும்போது அது மடங்கிவிடும்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். அடியில் ஒரு பலகை வைத்து ஜாக்கியால் லேசாகத் தாங்குங்கள், இல்லையென்றால் போல்ட்டை உருவியதும் இன்ஜின் ஒரு மயிரிழை இறங்கும், புது போல்ட் துளைக்கு நேராக நிற்காது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். முதல் சில சுற்று கையாலேயே ஏற்றுங்கள், மரை தளராமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விடுங்கள், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்). எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கடைக்காரர் சொல்கிற அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

வண்டி ஒருமுறை விழுந்துவிட்டால், குமிழ் நன்றாகத் தெரிந்தாலும் போல்ட்டைக் கழற்றித் தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது, தட்டி நிமிர்த்தாமல் மாற்றுங்கள். அந்த போல்ட் ஏறும் இடத்தில் சேசிஸ் பெயிண்ட்டில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால், வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.