முகம், காதுகளில் சீழ் வைக்கும் தடிப்பு: எதையெல்லாம் செய்யக் கூடாது?

குழந்தையின் மூக்கடியிலோ காது மடலுக்குப் பின்னாலோ தோல் சிவந்து, நீர் கசிந்து, ஓரிரு நாளில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினால் அது பெரும்பாலும் இம்பெடைகோ என்ற பாக்டீரியா தொற்றுதான். கரப்பான் (எக்சிமா என்ற தோல் அழற்சி) உள்ள குழந்தைகளுக்குக் காதின் பின்மடிப்பில் தோல் வெடிக்கும். கிருமி நுழைய அந்த வெடிப்பே போதும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பூசுவது. அப்படிக் கொடுக்கப்படும் பல டியூப்களில் க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், பாக்டீரியா மருந்தும் ஒன்றாகக் கலந்திருக்கும். பூசிய மறுநாளே சிவப்பும் அரிப்பும் தணியும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. தணிந்தது வீக்கம் மட்டும்தான், உள்ளே தொற்று பரவிக்கொண்டே இருக்கலாம். முகத்தோல் மெல்லியது, மருந்தை அதிகமாக உறிஞ்சும். வாரக்கணக்கில் பூசினால் தோல் நலிந்து ரத்த நாளங்கள் தெரியும், பருக்கள் கிளம்பும், நிறுத்தினால் முகமே எரியும். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் அறிவித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அடுத்தது, கொப்புளம் என்றாலே அக்கி என்று முடிவு கட்டி, காவி கரைத்து எழுதுவது. உண்மையிலேயே அக்கியாக இருந்தால், அது வைரஸ் நோய். அசைக்ளோவிர் போன்ற மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண் பாதிக்கப்படலாம். காதில் வந்தால் முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளலாம், காது மந்தமாகலாம். காவி பூசிக் காத்திருக்கும் மூன்று நாள் திரும்பக் கிடைக்காது. பூச்சின் அடியில் என்ன இருக்கிறது என்று மருத்துவராலும் பார்க்க முடியாது.

பொருக்கைக் காய்ந்தபடியே பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்தால் தானாக இளகி வரும். பிறகு மருத்துவர் சொன்ன மியூபிரோசின் போன்ற களிம்பைத் தடவலாம். களிம்பு பொருக்கின் மேலேயே நின்றுவிட்டால் பயன் குறைவு. குழந்தைக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நியோமைசின் கலந்த பவுடரும் களிம்பும் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பிப் புண்ணைப் பெரிதாக்கும். கவரிங் கம்மலில் உள்ள நிக்கலும் அப்படித்தான். கம்மலைக் கழற்றாமல் எத்தனை களிம்பு பூசினாலும் காது ஆறாது. பார்வைக்கு ஆறிவிட்டது என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்துவதும் தவறு.

கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சல், கன்னத்தில் சூடாகப் பரவும் சிவப்பு, கம்மல் குத்திய மேல்காது தடித்து வலிப்பது, கரப்பான் மேல் திடீரென்று குழிகுழியான புண்கள்: இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புண் ஆறிய சில வாரங்களுக்குள் குழந்தையின் முகம் உப்பினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். இம்பெடைகோவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸின் தொற்றுக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. சிறுநீர்ப் பரிசோதனையிலேயே அது தெரிந்துவிடும்.