ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால்: எதுவரை நாமே பார்க்கலாம்?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு சில வினாடிகள் எரிந்து, பிறகு தானாக அணைய வேண்டும். இருக்கையில் அமர்ந்த ஓர் உருவமும் அதன் முன்னே ஒரு வட்டமுமாக அது இருக்கும்; சில வண்டிகளில் ஏர்பேக் அமைப்பைக் குறிக்கும் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் மட்டும் தெரியும். அந்தச் சில வினாடிகளில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னோடு இணைந்த ஒவ்வொரு ஒயரையும், சென்சாரையும், மோதலின்போது பெல்ட்டை இறுக்கும் சீட் பெல்ட் இழுப்பானையும் சோதித்துப் பார்க்கிறது. ஏதேனும் ஒன்றில் சந்தேகம் வந்தால் விளக்கை அணைக்காமல் விட்டுவிடும். பல வண்டிகளில் அந்த ஒரு பகுதியோடு நிற்காமல் மொத்த ஏர்பேக் அமைப்பும் செயலிழந்துவிடும் என்பதால், வண்டி வழக்கம்போல ஓடுகிறதே என்று இதை ஒத்திப்போடுவது சரியல்ல.

இதில் நாமே செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஏர்பேக்கை ஊதச் செய்வது உள்ளே இருக்கும் வெடிபொருள். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது பையை விரித்துவிடும். ஆகவே கண்ணால் பார்ப்பது, கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிப்பது, சீட்டுக்கடியில் இருக்கும் இணைப்பை அழுத்திப் பொருத்துவது ஆகிய மூன்றோடு நம் வேலை முடிகிறது.

படி 1: விளக்கு எப்படி எரிகிறது என்று கவனியுங்கள்

தொடர்ந்து எரிகிறதா, விட்டுவிட்டு மினுக்குகிறதா, மேடு பள்ளத்தில் ஏறும்போது மட்டும் வருகிறதா, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மெக்கானிக்கிடம் சொல்லும்போது இந்தக் குறிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். பயணி ஏர்பேக் அணைந்திருப்பதைக் காட்டும் விளக்கு வேறு. முன் சீட்டில் யாரும் இல்லாதபோதோ எடை குறைவாக இருக்கும்போதோ அது எரிவது பல வண்டிகளில் இயல்பே.

சாவியைத் திருப்பியபோது ஏர்பேக் விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை என்றால் அதுவும் பழுதுதான். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் எரியாதபடி செய்து விற்கும் மோசடி உண்டு.

படி 2: அண்மையில் வண்டியில் என்ன நடந்தது?

பேட்டரி வலுவிழந்து மின்னழுத்தம் தாழ்ந்தால் இந்த விளக்கு வரும். வெள்ளநீர் உள்ளே புகுந்திருந்தால், தரைவிரிப்புக்கடியில் இருக்கும் ஒயர் முனைகளில் பச்சை பூத்திருக்கலாம். சிறு மோதலில் ஏர்பேக் விரியாமலே சீட் பெல்ட் இழுப்பான் மட்டும் வெடித்திருக்கவும் கூடும். அப்படியானால் பெல்ட் இழுபடாமல் இறுகி நிற்கும். ஹாரனும் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்களும் சேர்ந்து வேலை செய்யவில்லை என்றால், சந்தேகம் நேராக கிளாக் ஸ்பிரிங் மீது விழ வேண்டும். ஸ்டீயரிங் சுழன்றாலும் அறுந்துபோகாமல் மின்சாரத்தைக் கடத்தும் சுருள் பட்டை அது. அதை மாற்றுவதற்கு ஏர்பேக்கைக் கழற்ற வேண்டியிருப்பதால் அது நம் வேலை அல்ல.

படி 3: குறியீட்டைப் படியுங்கள், எழுதி வையுங்கள்

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகும் ஸ்கேனர் கருவிகளில் விலை குறைந்தவை பெரும்பாலும் இன்ஜின் பழுதுகளை மட்டுமே படிக்கும். அதில் பழுது இல்லை என்று வந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்.ஆர்.எஸ். படிக்கும் என்று தெளிவாகக் குறிப்பிட்ட கருவியே வேண்டும். வரும் குறியீட்டை, அது இப்போதும் நீடிக்கும் பழுதா, முன்பு எப்போதோ பதிவானதா என்பதோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அழிக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருக்கும். எழுதும் முன் அதை அழுத்துவது தடயத்தைக் கழுவிவிட்டுத் துப்பறிவதற்குச் சமம்.

படி 4: சீட்டுக்கடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர்

குறியீடு முன் சீட்டையோ அதன் பெல்ட்டையோ காட்டினால் மட்டும் இந்தப் படிக்கு வாருங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும்போது அடியில் உள்ள ஒயர் இழுபட்டு இணைப்பு தளர்வது மிகவும் பொதுவான காரணம். என் வண்டியில் ஒருமுறை சீட்டுக்கடியில் உருண்டுபோன தண்ணீர் பாட்டிலைக் கைவிட்டுத் துழாவி எடுத்தேன். மறுநாள் காலை விளக்கு எரிந்தது. பாட்டில் கனெக்டரின் மீதே மோதி நின்றிருக்கிறது.

முதலில் சீட்டை முழுவதும் பின்னுக்குத் தள்ளி, டார்ச் அடித்து இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சாவியை அணைத்து எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிக் காத்திருங்கள். பேட்டரி துண்டானாலும் வெடிக்கவைக்கும் அளவு மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் கெபாசிட்டரில் சற்று நேரம் சேமித்து வைத்திருக்கும். காத்திருக்கும் நேரம் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் கையேட்டில் பாருங்கள்; தெரியாவிட்டால் 10 நிமிடத்துக்கு மேல் பொறுத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகாதீர்கள், அது உயர் மின்னழுத்தப் பாதை.

காத்திருந்தபின், உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்க வண்டியின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, மஞ்சள் உறையிட்ட ஒயர் போய்ச் சேரும் கனெக்டரைத் தேடுங்கள். ஏர்பேக் சார்ந்த ஒயர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறமே தருகிறார்கள். இரு பாதிகளுக்கும் நடுவே நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் அதுவே பிழை. இரண்டையும் நேராகப் பிடித்து, டிக் என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். தனியாகப் பூட்டும் தாழ் இருந்தால் அதையும் உள்ளே தள்ளுங்கள். முனையில் பச்சைப் பூப்போ, வளைந்த பின்னோ, உரிந்த ஒயரோ தெரிந்தால் ஊதவோ சுரண்டவோ முயலாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

மல்டிமீட்டரை எடுத்து அந்த ஒயரில் வைத்துப் பார்க்கலாமா என்ற எண்ணம் வரும். வேண்டாம். மின்தடையை அளக்க மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே வெடிபொருளைப் பற்றவைத்துவிடக் கூடும்.

படி 5: மீண்டும் இணைத்துச் சோதியுங்கள்

கனெக்டர் பொருந்தியதும் கைகளையும் கருவிகளையும் வெளியே எடுத்துவிட்டு, வண்டிக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மைனஸ் முனையை இணையுங்கள். சாவியைத் திருப்பும்போது ஸ்டீயரிங்குக்கு நேர் எதிரே தலையை வைக்காமல் பக்கவாட்டிலிருந்து கை நீட்டித் திருப்புவது நல்லது. பழுது நீங்கினால் சில வண்டிகளில் விளக்கு தானே அணையும், மற்றவற்றில் ஸ்கேனரால் குறியீட்டை அழித்தால்தான் அணையும். அணைந்தபின் சீட்டை இரு எல்லைகளுக்கும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, பெல்ட்டைப் பூட்டி அவிழ்த்துப் பாருங்கள். விளக்கு திரும்பவில்லையா என்று அடுத்த சில நாட்களும் கவனியுங்கள்.

அதே குறியீடு மறுபடி வந்தால் மீண்டும் அழிக்காமல், எழுதி வைத்த தாளோடு பணிமனைக்குச் செல்லுங்கள். சீட் உறை புதிதாகப் போட்டதா, தண்ணீர் புகுந்ததா, மோதல் நடந்ததா என்பதையும் சொல்லுங்கள். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொடுத்து, அந்த ஏர்பேக்குக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்றும் கேட்டுவிடுங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் கெட்டு உலோகத் துண்டுகளைச் சிதறடித்ததால் உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் அத்தகைய குறை விளக்கில் தெரியாது. எண்ணைக் கொண்டு தேடினால்தான் தெரியும்.