பழைய சி10-இல் எல்எஸ் எஞ்சின்: ஹெடரைக் கடைசியில் வாங்குங்கள்

1967–72 செவ்ரலே சி10 பிக்கப்பில் ஜிஎம்மின் (செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) எல்எஸ் வகை வி8 எஞ்சினை ஏற்றுவது அமெரிக்காவில் பலரும் செய்யும் வேலை. 1999 முதல் வந்த செவ்ரலே சில்வராடோ பிக்கப்களில் இருந்து கழற்றிய 5.3 லிட்டர் எஞ்சின் பழைய வண்டி உடைக்கும் இடங்களில் சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கிய கையோடு ஹெடரையும் வாங்கிவிடுகிறார்கள். தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

ஹெடர் என்பது பக்கத்துக்கு நான்கு குழாய்களில் புகையை வாங்கி ஒரே வாயில் சேர்க்கும் அமைப்பு. இடப்பக்கக் குழாய்கள் ஸ்டீயரிங் பாக்ஸையும் அதன் தண்டையும் ஒதுங்கி இறங்கவேண்டும். வலப்பக்கம் ஸ்டார்ட்டர் நிற்கும். எஞ்சினைச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்துவைக்கும் மவுன்ட் தகடு மாறினால் எஞ்சினே ஓர் அங்குலம் முன்னே பின்னே போகும். நேற்றுப் பொருந்திய குழாய் இன்று சேசிஸில் இடிக்கும். பெட்டியில் 'சி10-க்கு' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த மவுன்ட், எந்த கியர்பாக்ஸ், பவர் ஸ்டீயரிங்கா என்று கேளுங்கள். இவை மூன்றும் வண்டியில் உட்கார்ந்த பிறகே ஹெடருக்குக் காசு கொடுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய ஸ்மால் பிளாக் (எல்எஸ்ஸுக்கு முந்தைய செவ்ரலே வி8) ஹெடர் எல்எஸ்ஸுக்கு ஆகாது. புகை வெளிவரும் போர்ட்டும் சேராது, போல்ட் துளையும் சேராது.

'பெரிய குழாய், பெரிய பவர்' என்பதும் ஏமாற்றும். மாற்றம் செய்யாத 5.3 லிட்டர் எஞ்சினுக்கு 1¾ அங்குல விட்டமுள்ள குழாய் தாராளம். அதற்கு மேல் போனால் குறைந்த ஆர்பிஎம்மில் புகையின் வேகம் தளர்ந்து, பாரம் இழுக்கும் இடத்திலேயே இழுவை குறையும். தினமும் ஓட்டும் வண்டிதான் என்றால், இடம் இருக்கும்பட்சத்தில், எஞ்சினோடு வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே (ஹெடர் செய்யும் வேலையைச் செய்யும் அசல் பாகம்) முதலில் வைத்துப் பார்ப்பேன். சத்தம் குறைவு, கசிவும் குறைவு. அழகு இல்லைதான்.

புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சாருக்கான துளை எங்கே இருக்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. சென்சார் கிடைமட்டத்தைவிடக் குறைந்தது 10 டிகிரி உயர்ந்து, முனை கீழ்நோக்கி நிற்கவேண்டும். இல்லையேல் நீர் தேங்கிக் கெடும். சென்சாருக்கு முன்னால் உள்ள இணைப்பில் கேஸ்கெட் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்து இன்னும் ஊற்றும்.

இந்த எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டில் மேனிஃபோல்டைப் பிடிக்கும் பின்மூலை போல்ட்கள் அடிக்கடி உடைந்திருக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே அவற்றை எடுத்துவிடுங்கள். ஹெடரைத் தற்காலிகமாக மாட்டியதும் எட்டு ஸ்பார்க் பிளக்கையும், ஸ்டார்ட்டரையும் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். கை நுழையாவிட்டால் அந்த ஹெடரை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம்.