ஃபேர்வே உட், ஹைப்ரிட்: புதிதாக ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை காலை எங்களோடு ஒரு தம்பி ஆட வந்தார். கோல்ஃப் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. பார் 5 ஒன்றில் (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீளமான குழி) முதல் அடியை டிரைவர் என்ற மிக நீளமான கிளப்பால் அழகாக அடித்துவிட்டு, இரண்டாவது அடிக்குப் புத்தம்புதிய 3 உட்டை (தரையிலிருந்து தூரம் அடிக்கும் ஃபேர்வே உட்களில் ஒன்று) உறையிலிருந்து உருவினார். பந்தின் உச்சியில் பட்டு முப்பது யார்டு உருண்டது. அதே கிளப்பை மறுபடி எடுத்தார், மறுபடியும் உருண்டது. மூன்றாவது தடவை தரையில் அடித்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். ஆட்டத்தின் நடுவே கேட்காமல் அறிவுரை சொல்வது முறையல்ல, சும்மா இருந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தலையைத் தூக்காதே, பந்தையே பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முதல் ஃபேர்வே உட்டாக 3 உட்டை வாங்குவது

நான் வாங்கியதும் அதைத்தான். கடையில் செயற்கைப் புல் விரிப்பின் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொன்னார்கள். திரையில் 215 யார்டு என்று வந்தது. “உங்க ஸ்விங்குக்கு இதுதான் சார் கரெக்ட்” என்றார் விற்பவர். முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வந்தேன்.

அந்த விரிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது. பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் அடித்தாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் பட்டுவிடும். பந்து பறக்கும், நமக்குத் தவறு தெரியாது. நிஜப் புல்லில், அதுவும் மழைக்குப் பிந்தைய சென்னைத் தரையில், அந்த ஓர் அங்குலம் கிளப்பை அப்படியே பிடித்து நிறுத்திவிடும். களத்தில் நான் அடித்த பத்து பந்தில் ஒன்றுதான் கடையில் பார்த்ததுபோல் பறந்தது. அந்த ஒன்றை நம்பியே இரண்டு வருடம் ஓட்டினேன்.

3 உட்டின் லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, பொதுவாக 15 டிகிரி. ஷாஃப்ட், அதாவது குச்சி, ஏறக்குறைய 43 அங்குலம். பையில் டிரைவருக்கு அடுத்த நீளமான கிளப் இதுதான். டிரைவரின் தலை 460 சிசி வரை பெரிதாக இருக்கலாம், பந்தும் டீ என்ற சின்ன முளையின் மேல் உயரமாக உட்கார்ந்திருக்கும். 3 உட்டின் தலை அதில் பாதிகூட இருக்காது. பந்தோ தரையோடு ஒட்டிக் கிடக்கும். இவ்வளவு நீளமான குச்சி, இவ்வளவு சின்ன முகம், இவ்வளவு குறைந்த சாய்வு. குனிந்து பார்த்ததுமே இது எப்படி மேலே எழும்பும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் வரும். அந்தப் பயத்தில் கை பந்தைத் தூக்கிவிடப் பார்க்கும். உடம்பின் எடை பின்காலிலேயே தங்கிவிடும். ஸ்விங்கின் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் ஒன்று தரையில் படும், இல்லையென்றால் மேலெழும்பும்போது பந்தின் உச்சியில் படும். அந்தத் தம்பிக்கு நடந்தது இரண்டும்தான்.

தொழில்முறை ஆட்டக்காரர்களே தரையிலிருந்து 3 உட்டை அடிக்கும்போது சராசரியாக 3 டிகிரி அளவுக்குக் கீழ்நோக்கித்தான் அடிக்கிறார்கள். தூக்குவது லாஃப்டின் வேலை, கையின் வேலை இல்லை. ஆனால் லாஃப்ட் 15 டிகிரிதான் என்றால், அது பந்தைத் தூக்குவதற்கு நல்ல வேகம் வேண்டும். டிரைவரையே மணிக்கு 90 மைலுக்குக் குறைவாக வீசுகிறவருக்கு அந்த வேகம் கிடைப்பது கஷ்டம். நன்றாகப் பட்ட பந்தும் தாழப் பறந்து சீக்கிரம் விழுந்துவிடும்.

என் பையைச் சுமந்து வந்த உதவியாளர் (கேடி) வயதானவர், ரொம்பப் பொறுமைசாலி. ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் பயிற்சித் திடலுக்கு என்னைக் கூட்டிப்போய், நண்பருடைய பழைய 5 உட்டை வாங்கிக் கையில் கொடுத்தார். “இதை அடிச்சுப் பாருங்க சார். எழுப்பணும்னு நினைக்காதீங்க, அதுவே எழும்பும்” என்றார். 18 டிகிரி. இருபது பந்தில் பாதிக்கு மேல் நேராகப் பறந்தன. என் மிகச் சிறந்த 3 உட் அடிக்கும் அதற்கும் ஏழெட்டு யார்டுதான் வித்தியாசம். அந்த ஏழெட்டு யார்டுக்காக இரண்டு வருடம் பார் 5 ஒவ்வொன்றிலும் கூடுதலாக இரண்டு முறை அடித்திருக்கிறேன்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு விற்கும் முழு செட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இந்த 3 உட்டைத்தான் வைத்துக் கொடுக்கிறார்கள். செட்டில் இருப்பதால் அடித்தே ஆக வேண்டும் என்று அவர்களும் நினைத்துக்கொள்கிறார்கள். 18 டிகிரி 5 உட்டோ 21 டிகிரி 7 உட்டோ வைத்துக் கொடுத்தால் எத்தனை பேர் இந்த ஆட்டத்தை முதல் வருடமே ரசித்திருப்பார்கள்! 7 உட் வயதானவர்களுக்கு என்ற பேச்சையும் நம்பாதீர்கள். பந்தை மிக நீளமாக அடிப்பவர்களில் ஒருவரான டஸ்டின் ஜான்சன் 2020 மாஸ்டர்ஸ் போட்டியில் 20 அண்டர் (பாரைவிட 20 அடி குறைவு) என்ற சாதனையோடு ஜெயித்தபோது அவர் பையில் 7 உட் இருந்தது.

ஏற்கெனவே 3 உட் வாங்கிவிட்டீர்களா? சரி, பரவாயில்லை. பாதை குறுகலாக இருக்கும் குழிகளில் முதல் அடிக்கு அரை அங்குல டீ வைத்து அடியுங்கள், அங்கே அது நல்ல கிளப். தரையிலிருந்து அடிப்பதை மட்டும் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

கிளப் தலையில் போட்டிருக்கும் எண்ணை நம்புவது

ஹைப்ரிட் என்பது உட்டுக்கும் அயர்னுக்கும் (மெல்லிய உலோகத் தலை கிளப்) நடுவானது. ஒரு நிறுவனத்தின் 4 ஹைப்ரிட் 21 டிகிரி, இன்னொன்றின் 4 ஹைப்ரிட் 23. இன்றைய அயர்ன்களின் லாஃப்டோ முன்பைவிடக் குறைந்துவிட்டது. சில செட்களில் 5 அயர்னே 21, 22 டிகிரிக்கு வந்துவிட்டது. 5 அயர்னும் 4 ஹைப்ரிடும் ஒரே தூரம் போவது தெரியாமல் ஒரு வருடம் இரண்டையும் சுமந்தேன். பையில் 14 கிளப்தான் அனுமதி, அமெரிக்காவில் 1938 முதல் இந்த விதி உண்டு. அதில் ஓர் இடம் வீண்.

எண்ணை விட்டுவிட்டு லாஃப்டைப் பாருங்கள். அதைவிட மேல், பயிற்சித் திடலில் ஒவ்வொன்றையும் அடித்து, பந்து எங்கே விழுகிறது என்று எழுதி வையுங்கள். எங்கே போய் நிற்கிறது என்பதை அல்ல. அடுத்தடுத்த கிளப்புகளுக்குள் பத்துப் பதினைந்து யார்டு இடைவெளி இருந்தால் போதும்.

ஹைப்ரிடை ஃபேர்வே உட்போலத் தரையைப் பெருக்குவதுபோல் வீசுவது

தலை உட்போல இருப்பதால் வரும் குழப்பம் இது. ஹைப்ரிடின் ஷாஃப்ட் ஏறக்குறைய 40 அங்குலம், நீளமான அயர்னுக்கு நெருக்கம். அதை அயர்ன்போல அடிக்க வேண்டும். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேரே வைக்காமல், நடுவிலிருந்து ஒன்றிரண்டு பந்து அகலம் மட்டும் முன்னால் வையுங்கள். முதலில் பந்து, பிறகு புல். கொஞ்சம் புல் பெயர்ந்தால் சரியாக அடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் தென்கொரியாவின் ஒய்.இ. யாங் 200 யார்டுக்கு மேலிருந்து ஹைப்ரிடால் அடித்த அடியைப் பாருங்கள். பந்து உயரப் போய் கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்லில்) மெதுவாக இறங்கி நின்றது. அன்று அவர் தோற்கடித்தது டைகர் உட்ஸை. மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் பட்டம் வென்ற முதல் ஆசிய ஆண் ஆட்டக்காரர் யாங்தான்.

ஹைப்ரிட் எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நினைப்பது

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் பெர்சிமன் மரத் தலைக் காலத்திலிருந்து ஆடுகிறார். 1979இல் டெய்லர்மேட் உலோகத் தலையைக் கொண்டுவந்த பிறகும் ‘உட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த மரத்தால்தான். (பெர்சிமன் நம் கருங்காலிக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் டயோஸ்பைரஸ் பேரினம். அந்த இறுக்கமான மரத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கருங்காலியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.) அந்த மூத்தவர் ஹைப்ரிடைத் தொடவே மாட்டார். பிடிவாதம் என்று நினைத்து அவரோடு பல வருடம் வாதாடியிருக்கிறேன். அவர் வலது கை ஆட்டக்காரர், பந்து இயல்பாகவே இடப்பக்கம் வளையும். ஹைப்ரிடின் ஷாஃப்ட் குட்டை, தலை கொஞ்சம் நிமிர்ந்த வாக்கு, அதனால் பலவற்றுக்குப் பந்தை இடப்பக்கம் இழுக்கும் குணம் உண்டு. அவர் கையில் அது நேரே காட்டுக்குள் போகும். அவருக்கு 7 உட்தான் சரி. எனக்கோ பந்து வலப்பக்கம் போகும், ஆகவே ஹைப்ரிட் கைகொடுக்கிறது. வாங்குவதற்கு முன் உங்கள் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள்.

ஆழமான ரஃபில் (ஓரத்து நீளப் புல்லில்) ஃபேர்வே உட்

வேண்டாம். 8 அயர்னை எடுத்து வெளியே வாருங்கள்.

ஊட்டியில் அளந்த தூரம்

அது 2,200 மீட்டர் உயரம், காற்று மெலிசு, பந்து கூடுதல் தூரம் போகும். சென்னைக்கு வந்ததும் அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

பழைய ஷாஃப்டை மாற்றிப் பொருத்துவது

ஃபேர்வே உட் ஷாஃப்டின் நுனி பெரும்பாலும் 0.335 அங்குலம், ஹைப்ரிடுக்கு 0.370. ஒன்றிலிருந்து எடுத்தது மற்றதில் அப்படியே பொருந்தாது.

கிரீன் ஓரத்தில் ஹைப்ரிடை மறந்துவிடுவது

2004 ஓப்பன் போட்டியில், ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் களத்தில், எர்னி எல்ஸை எதிர்த்த பிளேஆஃபின் (சமநிலையை முறிக்கும் ஆட்டம்) கடைசிக் குழியில் டாட் ஹாமில்டன் கிரீனுக்கு வெளியிலிருந்து வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் கிளப்) எடுக்கவில்லை. ஹைப்ரிடால் பந்தைக் குழிக்குப் பக்கத்தில் உருட்டிவிட்டுப் பட்டத்தை வாங்கிப் போனார். மழைக்காலத்தில் கிரீன் ஓரம் சேறாக இருக்கும்போது நமக்கு வெட்ஜ் தரையில் மாட்டிக்கொள்ளும். ஹைப்ரிடைக் கீழே இறக்கிப் பிடித்து, கிரீனில் பந்தை உருட்டும் ‘பட்டர்’ கிளப்பைப்போல மணிக்கட்டை அசைக்காமல் தள்ளுங்கள். ஓரத்துப் புல்லை ஒரு சின்னத் துள்ளலில் தாண்டி, அப்புறம் பந்து உருளும். பலம் எவ்வளவு என்று கைக்குப் பிடிபட ஒரு மாலை போதும்.