சாடூத் மலைக்காட்டில் மூன்று நாள்: முகாம், படகு, மலைநடை

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தின் நடுவே, சாடூத் தேசியக் காட்டுக்குள், கடல்மட்டத்திலிருந்து 6,547 அடி உயரத்தில் ரெட்ஃபிஷ் ஏரி இருக்கிறது. பனியாறு அரித்துத் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கி உருவான இந்த ஏரி ஏறக்குறைய நாலரை மைல் நீளம் கொண்டது. வடகரையில் சாலை, மரத்தாலான பழைய விடுதி, படகுத்துறை, முகாம் திடல்கள் எல்லாம் உண்டு. தென்கோடியில் சாலையே கிடையாது. அங்கே படகிலிருந்து இறங்கினால், சில நிமிட நடையிலேயே 1972-இல் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட சாடூத் வில்டர்னஸ் என்னும் காப்புக்காடு தொடங்கிவிடுகிறது. மோட்டார் வண்டிக்கும் மிதிவண்டிக்கும் அதற்குள் இடமில்லை. முகாம், படகு, மலைநடை மூன்றையும் ஒரே பயணத்தில் கோக்க விரும்பும் குடும்பத்துக்கோ நண்பர் குழுவுக்கோ இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

ஆனால் இங்கே அன்றாட நேர அட்டவணையை வகுப்பது நாமல்ல, மலைதான். கோடையில் காலை நேரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நண்பகலுக்குப் பிறகு ஏரியின் நீளவாட்டில் காற்று எழும். மேலே கணவாய்களில் இடிமேகம் திரளும். இரவில் ஜூலையிலும்கூட உறைபனி விழலாம். நீரில் இறங்குவதையும் உயரம் ஏறுவதையும் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலை முகாமுக்கு ஒதுக்குவது என்ற ஒரே விதியைக் கடைப்பிடித்தால் பாதித் தொல்லைகள் குறைந்துவிடும். கீழே சொல்பவை அனைத்தும் அந்த விதியைச் சுற்றியே அமைந்தவை.

எப்போது, எப்படிச் செல்வது

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை ஏற்ற காலம். அதற்கு முன்பு உயரமான கணவாய்களில் பனி கிடக்கும், ஓடைகள் பெருக்கெடுத்து ஓடும், கொசுத் தொல்லையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி வாரமும் செப்டம்பர் முதல் பாதியும் மிகச் சிறந்தவை என்பேன். கொசு ஓய்ந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். குளிர் மட்டும் சற்றுக் கூடும். காட்டுத்தீயையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் ரெட்ஃபிஷ் ஏரியின் மேற்குப் பக்கத்துச் சரிவில் மனிதரால் மூண்ட பெஞ்ச் லேக் தீ பரவியபோது அங்கிருந்தவர்களை வெளியேற்ற நேர்ந்தது. அதே கோடையில் மின்னலால் மூண்ட வாப்பிடி தீ ஸ்டான்லி ஊரையே அச்சுறுத்தியது. ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாள் வனத்துறையின் அறிவிப்பைப் பார்ப்பதும், தேதி மாறினாலும் செல்லக்கூடிய மாற்று இடம் ஒன்றை மனத்தில் வைத்திருப்பதும் அவசியம்.

பாய்சி நகரிலிருந்து 21-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 130 மைல் சென்றால் ஸ்டான்லி வரும். தெற்கே கெச்சம் ஊரிலிருந்து வருவோர் 75-ஆம் எண் சாலையில் 8,701 அடி உயரமுள்ள கலீனா கணவாயைக் கடந்து ஏறத்தாழ 60 மைல் வர வேண்டும். 2020 கணக்கெடுப்பில் 116 பேரே வாழ்ந்த ஸ்டான்லியில் பெட்ரோலும் சில்லறைச் சாமான்களும் கிடைக்கும்; ஆனால் மூன்று நாள் உணவுக்கு அதை நம்பி வராதீர்கள். விமானத்தில் வருவோர் அடுப்புக்கான எரிவாயுக் குப்பியையும் கரடியை விரட்டும் தெளிப்பானையும் எடுத்துவர முடியாது என்பதால், அவற்றைப் பாய்சியிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். முழுமையான மருத்துவமனை கெச்சம் பக்கத்தில்தான் இருக்கிறது. மலைக்குள் கைபேசித் தொடர்பு இராது என்றே வைத்துக்கொண்டு, செயற்கைக்கோள் வழியே உதவி கோரும் கருவி ஒன்றைக் குழுவுக்கு ஒன்றாவது கொண்டுசெல்லுங்கள். எந்தப் பாதை, எந்த இரவு எங்கே, எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை ஊரிலிருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

முதல் நாள்: ஏரிக்கரை முகாம்

முதல் இரவை ஏரிக்கரையிலேயே கழியுங்கள். சமவெளியிலிருந்து வரும் உடல் இந்த உயரத்துக்குப் பழக ஓர் இரவாவது வேண்டும். தலைவலியும் மூச்சுவாங்குதலும் இருந்தால் மறுநாள் நடையைச் சுருக்கிக்கொள்ளவும் அப்போது வழியிருக்கும். வண்டியை நிறுத்திக் கூடாரம் அடிக்கும் திடல்கள் பல உள்ளன. சிலவற்றை மாதக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் பதிவு செய்துவிடுகிறார்கள். மற்றவை முதலில் வருவோருக்கு. முன்பதிவு இல்லாமல் வருவதானால் வெள்ளி மாலையைத் தவிர்த்து, வாரநாளின் முற்பகலில் வந்து சேருங்கள்.

இந்தக் காட்டில் கருங்கரடிகள் உண்டு. உணவு மணத்துக்குப் பழகிய கரடி திடலுக்குத் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதைக் கொல்லும்படி ஆகிவிடுகிறது. ஊறுகாய்ப் புட்டி, பற்பசை, சோப்பு, குழந்தையின் பால்புட்டி, குப்பைப்பை, எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. திடலில் இரும்புப் பெட்டி இருந்தால் அதில் வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிய காருக்குள் வையுங்கள். மலைக்குள் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவே நம்பகமானது. கிளையில் கயிறு கட்டித் தொங்கவிடுவதற்குத் தோதான மரம் மேலே எளிதில் கிடைக்காது.

சமையலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏரிக்கரை உயரத்தில் தண்ணீர் 93 செல்சியஸ் பாகை அளவிலேயே கொதித்துவிடும். இரண்டாம் இரவு தங்கும் 8,400 அடி உயரத்தில் அது 91 பாகையை ஒட்டி இருக்கும். துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது, எரிவாயுதான் தீரும். ஏரிக்கரையில் சிறிய குக்கர் இருந்தால் சாம்பார் சாதமே செய்துவிடலாம். முதுகில் சுமந்து செல்லும் இரவுக்கு, வீட்டிலேயே வறுத்துத் தாளித்துப் பொட்டலம் கட்டிய ரவை உப்புமாக் கலவை, அவல், புளிக்காய்ச்சல், வெந்நீர் ஊற்றினாலே வெந்துவிடும் மெல்லிய சேமியா ஆகியவை போதும்.

இருட்டியபின் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே நில்லுங்கள். இந்தப் பகுதி 2017-இல் அறிவிக்கப்பட்ட மத்திய ஐடஹோ இருள்வானக் காப்பகத்துக்குள் வருகிறது. நிலவில்லாத இரவில் பால்வீதி ஏரிக்கு மேலே தெளிவாகத் தெரியும். சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு இருந்தால் அடுத்த திடலாருக்கும் தொந்தரவிருக்காது.

இரண்டாம் நாள்: படகும் ஏற்றமும்

தென்கரைக்குப் போக இரண்டு வழிகள். விடுதித் துறையிலிருந்து கட்டணப் படகு பருவகாலத்தில் ஆட்களை ஏற்றிச் சென்று தென்கோடிச் சிறு துறையில் இறக்கிவிடும். அல்லது சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த கயாக், கனூ, துடுப்புப் பலகையில் நீங்களே செல்லலாம். சுமையோடு இரவு தங்கப் போகிறவர்களுக்குக் கட்டணப் படகே நல்லது. திரும்பும் நாளின் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டு எழுதிக்கொண்டு, உங்கள் நடை முழுவதையும் அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். படகு தவறினால் ஏரிக்கு மேலே சரிவில் செல்லும் பாதையில் ஏறத்தாழ ஐந்து மைல் நடந்துதான் வடகரை சேர வேண்டும்.

துடுப்பு வலித்துச் செல்வோர் காலை எட்டு மணிக்குள் நீரில் இருக்க வேண்டும். நடு ஏரியைக் குறுக்கே வெட்டாமல் கரையை ஒட்டியே செல்லுங்கள். தூரம் சற்றுக் கூடினாலும், காற்று எழுந்தால் ஒதுங்க இடமிருக்கும். ஏரியின் நீர் கோடையிலும் மிகக் குளிர்ந்தது. அதில் தவறி விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறும். அதற்குள் பதறாமல் மூச்சைச் சீராக்க வேண்டும். கடுங்குளிர்ந்த நீரில் கைகால்கள் நம் சொல்படி இயங்குவது சுமார் பத்து நிமிடம்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் உயிர்காப்பு அங்கி இல்லாவிட்டால் இந்தக் குளிர் மூழ்கடித்துவிடும். 19 அடி வரையுள்ள படகில் 14 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ளவர்கள் அங்கியை அணிந்தே இருக்க வேண்டும் என்பது ஐடஹோ சட்டம். பெரியவர்கள் அதைப் படகில் வைத்திருந்தாலே சட்டத்துக்குப் போதும். ஆனால் அணிந்துகொள்ளுங்கள், அது கழுத்தைத் தாண்டி ஏறாதபடி வாரை இறுக்கிக்கொள்ளுங்கள். படகுக்கு மாநில அரசின் ஒட்டுவில்லையும் தேவை; பத்தடிக்கு உட்பட்ட காற்றடைத்த படகுகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு உண்டு.

தென்துறையில் இறங்கியதும் இரவு தங்குவதற்கான அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். சிறு குழுக்கள் பாதை தொடங்கும் இடத்துப் பெட்டியில் தாங்களே எழுதி எடுத்துக்கொள்ளலாம். எட்டுப் பேரும் அதற்கு மேலும் என்றால் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டிப் பெற வேண்டும். முந்தைய நாளே ஸ்டான்லி வனத்துறை நிலையத்துக்குப் போய், பாதையின் நிலை, ஓடையின் அளவு, தீத் தடை மூன்றையும் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

முதல்முறை வருவோருக்கு நான் பரிந்துரைப்பது கிரேமர் ஏரிகள். தென்துறையிலிருந்து ஏறத்தாழ ஏழு மைல், ஏற்றம் சுமார் 1,800 அடி. பள்ளத்தாக்கின் வழியே பாதை ஓடையைத் துணையாகக் கொண்டு ஏறுகிறது. இடப்புறம் எலிஃபண்ட்ஸ் பெர்ச் என்னும் கருங்கல் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். கூர்ந்து பார்த்தால் அதில் தொற்றியிருக்கும் ஏறுவோர் வண்ணப் புள்ளிகளாகத் தெரிவார்கள். மூன்றரை மைல் அளவில் ஃபிளாட்ராக் பிரிவு வருகிறது. வலப்பாதை ஆல்பைன் ஏரிக்கும், இடப்பாதை ஓடையைக் கடந்து கிரேமர் ஏரிகளுக்கும் செல்கின்றன. இந்த ஓடைக் கடவைதான் இந்த நடையின் கடினமான இடம். பனி உருகி ஓடும் நாட்களில் காலையில் முழங்காலளவு ஓடும் நீர் மாலையில் தொடையைத் தொடலாம். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்புவாரையும் மார்புவாரையும் அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறி எழ முடிய வேண்டும். ஊன்றுகோலை நீரோட்டம் வரும் பக்கமாக ஊன்றி, அந்தத் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடிவையுங்கள். காலணியைக் கழற்றி வெறுங்காலோடு இறங்காதீர்கள். வேகம் பயமுறுத்தினால் தயங்காமல் ஆல்பைன் ஏரிப் பக்கம் திரும்பிவிடுங்கள். அதுவும் அழகில் குறைந்ததல்ல.

நடுக் கிரேமர் ஏரிக்கு மேலே உள்ள ஏரியிலிருந்து நீர் சிறு அருவியாக விழுகிறது. நீர்க்கரையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி, ஏற்கெனவே மண் இறுகிய இடத்தில் கூடாரம் அடியுங்கள். புல்தரையில் அடித்தால் அது மீள ஆண்டுகள் ஆகும். வில்டர்னஸுக்குள் நெருப்பு மூட்டினால் தரை கருகாதபடி அடியில் வைக்கும் தீத்தட்டோ தீ விரிப்போ கட்டாயம், சாம்பலையும் திரும்ப எடுத்துவர வேண்டும். அந்த விதி இல்லாவிட்டாலும் அங்கே விறகு எரிப்பதை நான் விரும்பமாட்டேன், ஏனென்றால் அந்த உயரத்தில் மரம் மிக மெதுவாகவே வளர்கிறது. அடுப்பு போதும். மலம் கழிக்க நீரிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் கட்டி எடுத்துவந்துவிடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி அதில் இருக்கக்கூடும் என்பதால் வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும். வடிகட்டியை இரவில் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நுண்குழல்கள் ஒருமுறை உறைந்தால் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் நல்ல நிலையில் இருப்பதுபோலவே தெரியும், நீரும் வரும், கிருமியும் வரும். உறங்கும் பை கழித்தல் ஏழு செல்சியஸ் பாகைக்காவது தாங்கும் வகையாக இருக்கட்டும். பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் எளிதில் காயாமல் உடல் வெப்பத்தை உறிஞ்சும். கம்பளியோ செயற்கை இழையோ அணியுங்கள், உறங்குவதற்கென்று உலர்ந்த உடை ஒன்றைத் தனியே கட்டி வையுங்கள்.

மேலே கணவாய்வரை போய்ப் பார்க்க ஆசைப்பட்டால், மூன்றாம் நாளின் இறக்கத்தோடு அதைச் சேர்க்காமல் பயணத்தை ஒரு நாள் நீட்டுங்கள். விடியலில் புறப்பட்டு, நண்பகலுக்குள் மரங்கள் அடர்ந்த உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி முப்பது விநாடிக்குள் வந்துவிட்டால் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகி, தாழ்வான இடத்தில், குழுவினர் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்தி இருங்கள்.

மூன்றாம் நாள்: இறக்கமும் படகுக் கழுவலும்

இறக்கத்துக்கு ஏற்றத்தின் நேரத்தில் முக்கால் பங்கு ஒதுக்கி, அதற்குமேல் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு துறைக்கு வந்துவிடுங்கள். செப்டம்பரில் வருபவர்கள் ஆழமற்ற கரைநீரிலும் ஏரியிலிருந்து வெளியேறும் ஓடையிலும் கால்வைக்குமுன் கவனியுங்கள். பசிபிக் கடலிலிருந்து ஏறத்தாழ 900 மைல் நீந்தி ஏறி வரும் சாக்கை சால்மன்கள் முட்டையிட வரும் காலம் அது. அவற்றின் செந்நிறமே ஏரிக்குப் பெயராயிற்று. 1991-இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்ட இம்மீன்களில், 1992-இல் ஏரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண்மீன்தான்; பண்ணையில் வளர்த்து விட்டே இந்த மரபைக் காப்பாற்றி வருகிறார்கள்.

சொந்தப் படகு கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது. 2023 செப்டம்பரில் ட்வின் ஃபால்ஸ் அருகே ஸ்னேக் ஆற்றில் நீர்நிலைகளில் பரவிப் பெருகிக் கேடு செய்யும் குவாகா என்னும் அயலகச் சிப்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத அவற்றின் குஞ்சுகள் ஒரு கோப்பைத் தேங்கிய நீரிலும் பயணம் செய்யும். ஆகவே ஏரிக்கு வரும்போதும் போகும்போதும் படகின் அடிப்பக்கத்துச் சேற்றையும் நீர்ச்செடியையும் துடைத்து, உள்ளிருக்கும் நீரை முழுக்க வடித்து, துடுப்பு, அங்கி, கயிறு உட்பட எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்துங்கள். நெடுஞ்சாலையில் சோதனை நிலையம் திறந்திருந்தால், துடுப்புப் பலகை மட்டுமே இருந்தாலும் வண்டியை நிறுத்திக் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.